இதில் இட்லியே ஊற்றலாம்

இன்று காலை கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, பருப்பு அளவுக்கு ஒரு கொப்புளம். மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின், மிச்சமிருந்த மாவில் நாலு இட்லி ஊற்றிக்கொள்ளலாம் என்று அடுக்களைக்குள் போனேன். அறுபதை நெருங்குகிற ஒருத்தன் நாலு இட்லி வேகவைப்பதற்குள் ஒரு விரலைப் பறிகொடுக்கிறான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. பானையில் ஆவி வந்துவிட்டது, இறக்க வேண்டும். பழைய வீட்டுப் பழக்கத்தில் கை தானாக அடுப்புக்கு வலதுபக்கச் சுவரில் ஆணியைத் தேடிப் போயிற்று. அங்கே ஆணி இல்லை. ஆணியில் தொங்க வேண்டிய, சூட்டுப் பாத்திரம் பிடிக்கும் கரித்துணியும் இல்லை.

மகளுக்குப் போன் போட்டேன்.

"கரித்துணி எங்க சாமி வெச்சிருக்கே?"

"அதெல்லாம் அழுக்குப்பா. மேடை மேலயே பச்சைக் கலர்ல ஒண்ணு கெடக்கும் பாருங்க, அதுல விரல வுட்டுப் புடிங்க."

நண்டுக் கொடுக்கு மாதிரி ரப்பரில் ஒன்று கிடந்தது. அதற்குள் விரலை விடும் வித்தை எனக்குப் பிடிபடவில்லை. மூடி நழுவியது, பிடிக்கப் போனேன், அவ்வளவுதான். குழாயைத் திறந்து விரலை நீட்டிக்கொண்டு நின்றபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. பானையைத் திறந்தால் வர வேண்டிய வாசனை வரவில்லை. இந்த வீட்டு இட்லித் தட்டில் துணி கிடையாது, எண்ணெய் தடவிய குழிதான். ஈரத்துணி ஆவியில் வேகும்போது ஒரு மணம் வருமே, கஞ்சியும் வெயிலும் கலந்த மாதிரி. அந்த மணத்தை முகர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. என் மனைவி சரசு போய்ச் சேர்ந்தும் இரண்டு வருஷம்தான் ஆகிறது.

அந்த மணம் எனக்குச் சாதாரணச் சமாச்சாரம் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆனதே ஓர் இட்லித் துணியால்தான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் கேளுங்கள்.

அப்போது நான் அம்மாபேட்டையில் ஒரு பாவாடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சேலைக்கு உள்ளே கட்டும் பாவாடை. தெருவெல்லாம் தறிச் சத்தம், அதற்கு நடுவில் எங்கள் ஷெட்டில் பன்னிரண்டு தையல் மெஷின், ஒரே ஒரு நீள மேஜை. மேஜை என் ராஜ்ஜியம். பாப்ளின் துணியை ஐம்பது அறுபது அடுக்காக விரித்து, ஆறு பட்டைப் பாவாடைக்குக் கோடு போட்டு வெட்டுவேன். பட்டை மேலே குறுகி கீழே விரியும் என்பதால், எப்படிப் போட்டாலும் ஓரத்தில் முக்கோண முக்கோணமாகத் துண்டு விழும். அதைப் பிட்டு என்போம். பிட்டு குறைவாக விழ வெட்டுகிறவன் நல்ல மாஸ்டர். நான் நல்ல மாஸ்டர் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், கேட்பவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

சனிக்கிழமை பிற்பகல் மெஷினெல்லாம் நின்றதும் தைக்கிற பெண்கள் பிட்டைப் பங்கு போடுவார்கள். வாரம் முழுக்க விழுந்ததைப் பன்னிரண்டு குவியலாகப் பிரித்து வைப்பார்கள். ஒருத்தர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். இன்னொருத்தர் ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். அந்தக் குவியல் அவருக்கு. சண்டைக்கு இடமே இல்லை. சுவரைப் பார்த்து நிற்கும் வேலை பெரும்பாலும் எனக்குத்தான். என் நேர்மைக்குக் கிடைத்த மரியாதை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அங்கே அடுக்களை இல்லாத ஒரே ஆள் நான் என்பதால்தானாம். மெஸ்ஸில் சாப்பிடுகிறவனுக்குப் பிட்டு எதற்கு?

அவர்களுக்கு அது பொன். கரித்துணி தைப்பார்கள், காபி வடிகட்டி தைப்பார்கள், புளி போட்டு வைக்கப் பை தைப்பார்கள். மூன்றாவது மெஷினில் இருந்த செல்வியக்கா மட்டும் தைக்க மாட்டார். மூட்டையாகக் கட்டி மல்லசமுத்திரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுவார். அங்கே அவர் தங்கை கை மெஷின் வைத்திருந்தாள். பத்துப் பதினைந்து நாளில் அந்த மூட்டை உருமாறித் திரும்பி வரும். செல்வியக்காவின் சோற்றுப் போசிக்கு ஒரு மூடி வந்தது. வட்டமாக வெட்டி, ஓரத்தை மடித்து, உள்ளே பாவாடை நாடாவைக் கோத்துச் சுருக்குப் போட்டது. பயறு முளைகட்ட ஒரு பை வந்தது. கரித்துணி வந்தது. இரண்டு முக்கோணத்தைச் சேர்த்துச் சதுரமாக்கி, நடுவில் பழைய புடவைத் துணி வைத்து, மூலையில் மாட்டுவதற்கு நாடாவிலேயே ஒரு காது.

கட்டிங் மாஸ்டர்கள் எந்தத் துணியை எடுத்தாலும் முதலில் மூலையைத்தான் பார்ப்போம். மூலையில்தான் ஏமாற்றுவார்கள். அந்தக் கரித்துணியின் நாலு மூலையும் கத்தியால் நறுக்கிய பர்பி மாதிரி இருந்தது. அழுக்குப் பாத்திரத்தைப் பிடிக்கப் போகும் துணிக்கு இவ்வளவு ஒழுங்கா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த மூலைகளைத்தான் எனக்குப் பிடித்துப்போனது. இதை அவளிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன், அவள் ஒரு தடவைகூட நம்பியதில்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். சாயம் போகுமா என்று பார்க்க எங்களிடம் ஒரு பழைய முறை இருந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, துணி ஓரத்தை அழுத்தித் தேய்த்து, விரலை ஒரு வெள்ளைத் துண்டில் ஒற்ற வேண்டும். வெள்ளையில் நிறம் ஒட்டினால் சாயம் நிற்காது. புதுத் துணி லாட் வந்தால் இதைத்தான் முதலில் செய்வேன். ஒருநாள் செல்வியக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பாத்துத் தைங்கடி, மாஸ்டரு எச்சி பண்ணிக் குடுத்த துணி" என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு மெஷினும் நின்று சிரித்தது. இருபத்தேழு வயசுப் பையனுக்கு அதற்கப்புறம் அந்த விரல் வாய்க்குப் போகுமா?

அந்தச் சமயம் பார்த்து ஒரு சிவப்பு லாட் வந்தது. மிளகாய்ப்பழச் சிவப்பு. சனிக்கிழமை செல்வியக்காவின் பங்கில் அதுதான் நிறைய விழுந்தது.

"ஏனுங் மாஸ்டர், இந்தச் செகப்பு சாயம் போவுங்களா? தங்கச்சி அடுப்படிக்குத் துணி தெப்பா, அதான் கேக்கறேன்" என்றார்.

நான் துணியைத் தொடக்கூட இல்லை.

"போகாதுக்கா. இதுல இட்லியே ஊத்தலாம்" என்றேன்.

ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் மாஸ்டர் சொன்னால் சொன்னதுதானே. செல்வியக்கா அப்படியே தங்கையிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு மாதம் போயிருக்கும். செல்வியக்கா மெதுவாக மேஜைப் பக்கம் வந்து நின்றார். "மாஸ்டர், எந்தங்கச்சியப் பாக்கறீங்களா?" என்றார். மறைக்காமல் எல்லாம் சொன்னார். சின்ன வயசில் வந்த காய்ச்சலில் இடது கால் கொஞ்சம் இழுக்கும். ஏற்கெனவே மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தர்கூடக் கை நனைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில் காபி குடிக்கலாம், வெற்றிலை போடலாம். இலையில் கை வைத்துச் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் பிடிக்காதவர்கள் இலைக்கு முன்னாலேயே எழுந்துகொள்வார்கள். "ஊட்டுக்குப் போயிச் சொல்லியனுப்பறோமுங்க" என்பார்கள். சொல்லியனுப்ப மாட்டார்கள். ஏன் என்றும் தெரியாது. பெண் வீட்டில் ஆக்கிவைத்ததை அவர்களே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அம்மா இல்லாத எனக்கு ஓமலூரில் இருந்த பெரியம்மாதான் எல்லாம். அவரைக் கூட்டிக்கொண்டு, செல்வியக்கா வழிகாட்ட, இரண்டு பஸ் மாறி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மல்லசமுத்திரம் போனோம். கால் விஷயத்தைப் பெரியம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். "பாத்துக்கலாம் சாமி" என்று மட்டும் சொல்லியிருந்தார். சரசுவின் அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மரவள்ளிக் கிழங்குக்கு இந்த வருஷம் மழை சரியில்லை என்பதிலிருந்து ஆரம்பித்தார். பாவம், பேச்சு நின்றுவிடக்கூடாது என்று பயந்துகொண்டே பேசினார். சரசுவின் அம்மா கொல்லையில் அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். அடுக்களையில் சரசு தனியாக இருந்தாள்.

காபி கொண்டுவந்தாள். ஒல்லியாக, கறுப்பாக, தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தாள். கால் இழுக்கத்தான் செய்தது. பெரியம்மாவின் பார்வை அவள் முகத்தில் இருந்ததைவிடத் தரையில்தான் அதிக நேரம் இருந்தது. அவள் உள்ளே போகும்போதும் அந்தப் பார்வை கூடவே போயிற்று. பெரியம்மா கெட்டவர் இல்லை. தாயில்லாத பிள்ளைக்குத் தான் ஏதும் குறை வைத்துவிட்டதாக ஊர் பேசக்கூடாது என்ற கவலை அவருக்கு.

எங்கள் முன்னால் இலை போட்டார்கள். பெரியம்மா தண்ணீர் தெளிக்கவில்லை.

"எலை இருக்கட்டுங்க. காப்பியே வயிறு நெறஞ்சு போச்சு. நாங்க ஊட்டுக்குப் போயி..." என்று ஆரம்பித்தார்.

சரசுவின் அப்பா இடுப்புத் துண்டைத் தொட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். அடுத்த வார்த்தை அவருக்கு மனப்பாடம். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் செய்யவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா எழுந்தால் நானும் எழுந்திருப்பேன். மூலையாவது மண்ணாவது. உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா?

அப்போது சரசு மூடிய போசியோடு வந்து, பெரியம்மா பேசி முடிப்பதற்குள் மூடியைத் திறந்து, ஆளுக்கு மூன்று இட்லி வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

இட்லி ரோஸ் நிறத்தில் இருந்தது. ஒரே சீராகக்கூட இல்லை. அடிப்பக்கம் செம்பருத்தி, மேலே போகப்போக வெளுப்பு, துணியின் நெசவுகூட அடியில் அப்படியே பதிந்திருந்தது. அம்மியடியிலிருந்து சட்னியோடு வந்த அவள் அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இதென்னங்க இட்லி, இந்த நெறத்துல இருக்குது?" என்றார் பெரியம்மா.

செல்வியக்கா இட்லியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. என் மேஜை, என் சிவப்பு லாட், என் வாய். நான் விரலை நாக்கில் தொடாததால் இன்றைக்கு ஒரு பெண்ணின் மானம் இலையில் கிடக்கிறது. இதோ செல்வியக்கா வாயைத் திறக்கப் போகிறார், "மாஸ்டருதானுங்க சொன்னாரு" என்று சொல்லப் போகிறார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் இட்லியில் கை வைத்துவிட்டேன். ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டேன்.

"பீட்ரூட்டுங்க பெரிம்மா. டவுன்ல இப்ப இப்படித்தான் பண்றாங்க" என்றேன்.

வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அவ்வளவு பலன் தந்தது வேறில்லை. பெரியம்மா என் வாயையும் இலையில் இருந்த கையையும் பார்த்தார். பையன் கை நனைத்துவிட்டான், இனிப் பேச ஒன்றுமில்லை. ஒரு பெருமூச்சு விட்டு இலையில் தண்ணீர் தெளித்தார். சரசுவின் அப்பா துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஆறு இட்லி சாப்பிட்டேன். இரண்டு நாள் நாக்கு சிவந்து கிடந்தது, பெரியம்மா மோராக ஊற்றி வயிற்றைக் கழுவினார். சாயம் நாக்கில் மட்டும் நன்றாகவே நின்றது.

கல்யாணமாகி அம்மாபேட்டையிலேயே குடித்தனம் வைத்தோம். என் பிட்டுக்கும் ஓர் அடுக்களை கிடைத்தது. சுவரைப் பார்த்து நிற்கும் பதவி பறிபோயிற்று. சரசு தைத்தாள், தைத்தாள், அப்படித் தைத்தாள். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவும் துணி, கறிவேப்பிலை வைக்கும் பை, தயிர்ச்சட்டிக்குச் சுருக்கு மூடி. வீட்டுக்கு வந்த பெரியம்மா அந்த மூடியை எடுத்துப் பார்த்து, "பாவாடைத் துணியப் போட்டா தயிர மூடுவாங்க, கருமம்" என்றார். பாவாடையாக ஆகும்வரை அது வெறும் துணிதான் என்று நான் வாதாடினேன். சரசு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் பெரியம்மாவுக்கு வெள்ளைத் துணியில் ஒரு மூடி தைத்துக் கொடுத்தாள். அதுவும் பாவாடைத் துணிதான், வெள்ளைப் பாவாடை. பெரியம்மா சாகும்வரை ஓமலூரில் அதில்தான் தயிர் மூடினார்.

அந்தச் சிவப்பு இட்லித் துணியை அவள் எறியவில்லை. இரண்டாக மடித்து, காது வைத்துக் கரித்துணி ஆக்கினாள். ஒவ்வொரு தடவை அலசும்போதும் கொஞ்சம் சிவப்பு தண்ணீரில் போகும். சிவப்பு ரோஸானது, ரோஸ் தோலின் நிறமானது. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் அது வெள்ளைத் துணி. போகவே போகாது என்று நான் சத்தியம் செய்த சாயம், ஐந்தாறு வருஷம் தினம் தினம் என் கண் முன்னாலேயே போயிற்று. நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன்னைப் பிடித்துப்போய்த்தான் அன்றைக்கு நான் கை நனைத்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், அல்லது அப்படி நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயத்தில் தின்றேன் என்று எப்படிச் சொல்வது?

சொல்லவேண்டிய நாள் மகளைப் பெண் பார்க்க வந்தபோது வந்தது. வந்தவர்கள் நல்ல மாதிரிதான். காபி குடித்தார்கள், சிரித்துப் பேசினார்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். மகள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டாள். சரசுதான் அடுக்களையில் உட்கார்ந்துவிட்டாள். கேசரி ஆறிக்கொண்டிருந்தது. அவளை அப்படிப் பார்க்க முடியாமல், ஏதாவது பேச வேண்டுமே என்று, அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட்டேன். எச்சில் தொடாததும், இட்லியே ஊற்றலாம் என்றதும், பயந்து தின்றதும், எல்லாம்.

அவள் கேட்டுக்கொண்டே கேசரித் தட்டை மூடினாள்.

"சாயம் போவும்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

"எப்படி?"

"தொவைக்காத துணியில யாராச்சும் இட்லி ஊத்துவாங்களா? மொத நாளே சுடுதண்ணியில போட்டேன். தண்ணி ரத்தமாட்டம் ஆயிப்போச்சு. அக்கா சொன்ன மாஸ்டரு பெரிய ஆளுதான்னு நெனச்சுக்கிட்டேன்."

"அப்புறம் எதுக்கு அதுலயே ஊத்துனே?"

கேசரிச் சட்டியைக் கழுவப் போட்டாள்.

"மூணு பேரு வந்து எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஏன்னு ஒருத்தரும் சொல்லுல. எங்கப்பன் என் காலப் பாக்கும், நான் பாக்காத மாதிரி இருப்பேன். நாலாவது ஆளும் அப்படித்தான் போவப்போறாங்க, அதுக்கு ஒரு காரணத்த நானே குடுத்துப்போடலாம்னு இருந்துச்சுங்க. இட்லி செரியில்லைன்னு போயிட்டாங்கன்னா, கால்னால இல்லைன்னு எங்கப்பன் நெனச்சுக்குமில்ல."

நான் கேசரித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்க கைய வெச்சுப்போட்டீங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னு பாத்துட்டேதான் இருந்தேன்" என்றாள். பிறகு, "பயந்துட்டுத் தின்னீங்களோ, எப்படித் தின்னீங்களோ. அந்த எலையில கைய வெச்ச ஆளு நீங்க ஒருத்தருதானுங்க" என்றாள்.

அந்தக் கேசரியை நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். மகளுக்கு அடுத்த வருஷம் நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை போனிலேயே சம்மதம் சொல்லிவிட்டார், யாரும் எங்கும் கை நனைக்கவில்லை.

இன்று மத்தியானம் விரலில் மருந்தைத் தடவிக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். பாவாடைக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். ஒரு துணிக்கடையில் சிவப்புப் பாப்ளின் அரை மீட்டர் கேட்டேன். வெட்டிக்கொடுத்த பெண்ணிடம், "சாயம் போகுமா சாமி?" என்றேன். "போகாதுங்கய்யா" என்றாள், துணியைப் பார்க்காமல். நான் அங்கேயே கொப்புளம் இல்லாத கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் துணியில் தேய்த்து, என் வேட்டி ஓரத்தில் ஒற்றிப் பார்த்தேன். அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாள். வேட்டி வெள்ளையாகவே இருந்தது.

பரணிலிருந்து சரசுவின் கை மெஷினை இறக்கித் துடைத்து, ஒரு கரித்துணி தைத்தேன். நாடாவில் காதும் வைத்தேன். நாற்பது வருஷம் துணி வெட்டியவன் தைத்த மூலை நாலும் நாலு விதம். மாட்டுவதற்கு முன்னால், அவள் செய்வது போல, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தேன். முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பாத்திரத்தின் அடி தெரிந்தது.

இப்போதெல்லாம் சாயம் போவதில்லை. அன்றைக்கு இந்தத் துணி இருந்திருந்தால் இட்லி வெள்ளையாக வெந்திருக்கும். பெரியம்மா சொல்ல வந்ததைச் சொல்லி முடித்திருப்பார். நானும் அவருக்குப் பின்னால் எழுந்து, சாப்பிடாமல் வந்திருப்பேன்.